வாய் திறக்காமல் மனதுக்குள் ஓடும் பேச்சு மத்திமையா, பைசந்தியா? நால்வகை வாக்கு பற்றி

தேடல் கேட்டது:

வணக்கம். சைவ சித்தாந்த வகுப்பில் சொற்பிரபஞ்சம் பகுதியை நடத்தக் குறிப்பு எடுத்து வருகிறேன். வாக்கு, அதாவது சொல், உள்ளிருந்து வெளிப்படும் படிகளான சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்ற நான்கில், வாயால் பேசும் வைகரிக்கு மட்டும்தான் மாணவர்களுக்குச் சட்டென்று விளக்கம் சொல்ல முடிகிறது. மற்ற மூன்றிலும் நூலுக்கு நூல் பேச்சு மாறுகிறது. வாக்கியபதீயம் எழுதிய வடமொழி இலக்கணவாணர் பர்த்ருஹரி மூன்றோடு நிறுத்துகிறார். தேவி வழிபாட்டு மரபான ஸ்ரீவித்யையின் நூல்கள் நான்கு சொல்லி உச்சியில் பராவை வைக்கின்றன. நம் சாத்திரத்தில் அந்த இடத்தில் சூக்குமை நிற்கிறது. போதாததற்கு இணையத்தில் ஓர் அட்டவணை சுற்றுகிறது: பரா என்றால் மூலாதாரம், துரியம், பைசந்தி என்றால் நாபி, சுழுத்தி, மத்திமை என்றால் நெஞ்சு, கனவு, வைகரி என்றால் வாய், நனவு.

எனக்குத் தெளிய வேண்டியவை இவைதான். வாயைத் திறக்காமல் தமிழிலேயே வாக்கியம் வாக்கியமாக ஒன்றை எண்ணிப் பார்க்கிறோமே, அது எந்தப் படி? மூன்று, நான்கு என்பது வெறும் எண்ணிக்கை வேறுபாடா, கொள்கை வேறுபாடா? மானத செபம், அதாவது மனதுக்குள் செபிப்பது, பைசந்தியில் நடக்கிறது என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அது சரியா? அந்த அட்டவணையை மாணவர்களிடம் அப்படியே கொடுக்கலாமா? நூல் ஆதாரத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

வாக்கியவாசி எழுதியது:

முதல் கேள்விக்கு நேரான பதில்: மத்திமை. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், அணுவளவு சத்தம் இல்லாவிட்டாலும் அது மத்திமைதான்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், இந்தப் படிகளைச் சத்தத்தின் அளவை வைத்துப் பிரிப்பதில். உரக்கப் பேசினால் வைகரி, முணுமுணுத்தால் மத்திமை, பேசாமல் இருந்தால் பைசந்தி, இன்னும் ஆழமாகப் பேசாமல் இருந்தால் பரா என்று பலர் சொல்கிறார்கள். இலக்கணவாணர் வைத்த அளவுகோல் அது அல்ல. அவர்கள் பார்ப்பது இரண்டை. மூச்சின் தொழில் அங்கே இருக்கிறதா? எழுத்துகளின் வரிசை, அதாவது கிரமம், அங்கே இருக்கிறதா?

வாக்கியபதீயத்தின் முதல் காண்டத்துக்கு உள்ள பழைய விருத்தியுரை சில சுலோகங்களை மேற்கோளாக எடுத்துக்காட்டுகிறது. வைகரியைப் பற்றி அது சொல்வது, வாயு உரிய இடங்களில் பட்டு எழுத்துருவம் கொள்வது, பேசுபவரின் பிராண விருத்தியில் (மூச்சின் தொழிலில்) கட்டுண்டது என்று. மத்திமையைப் பற்றி, 'கேவலம் புத்த்யுபாதானா க்ரமரூபானுபாதினீ' என்கிறது. புத்தி ஒன்றே அதற்கு முதற்காரணம். கிரமத்தின் வடிவை அது பின்பற்றும். பிராண விருத்தியைக் கடந்து நடக்கும். பைசந்தியைப் பற்றி, 'அவிபாகா து பச்யந்தீ ஸர்வத: ஸம்ஹ்ருதக்ரமா'. பிரிவில்லை, கிரமம் எல்லாப் பக்கமும் ஒடுங்கிவிட்டது.

இதைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த நிலையையும் சோதிக்கலாம். மூச்சும் வரிசையும் இரண்டும் இருந்தால் வைகரி. மூச்சு விலகி வரிசை நின்றால் மத்திமை. வரிசையும் ஒடுங்கினால் பைசந்தி. நுணுக்கமாகச் சொல்ல வேண்டுமானால், மத்திமையில் உள்ள வரிசையை அந்த உரை 'வரிசை கொண்டது போல' என்றுதான் குறிக்கிறது. புத்தி ஒன்றே ஆகையால் அதில் எழுத்துகள் உண்மையில் காலத்தால் துண்டுபட்டுக் கிடப்பதில்லை. மத்திமையோடு சூட்சுமமான பிராணன் கூடவே செல்லும் என்பாரும் உண்டு என்பதையும் அங்கேயே பதிவு செய்திருக்கிறது.

மாணவர்களுக்குக் காட்ட 'வாசி', 'சிவா' என்ற இரண்டு சொற்கள் போதும். இரண்டிலும் வா, சி என்ற அதே இரண்டு எழுத்துகள். மாறியது வரிசை மட்டும். மனதுக்குள் 'சிவா' என்று எண்ணும்போது அது 'வாசி' ஆகிவிடாமல் நிற்கிறது அல்லவா? அப்படியானால் அங்கே வரிசை இருக்கிறது. ஆகவே அது மத்திமை. பைசந்தியில் 'சிவா'வா 'வாசி'யா என்று கேட்கவே இடமில்லை. எது பின்னால் இந்தச் சொல்லாக விரியப் போகிறதோ அந்தப் பொருளும், சொல்லின் ஆற்றலும் ஒன்றாய் அங்கே நிற்கும்.

கேட்பவர் பக்கம் இதே வழி திரும்பி நடக்கும். 'சி' காதில் விழுந்து மறைந்த பிறகுதான் 'வா' வருகிறது. இரண்டும் ஒரே கணத்தில் காதில் இருப்பதில்லை. முன் எழுத்து மனதில் விட்ட பதிவு (சமஸ்காரம்) பின் எழுத்தோடு சேர்ந்து, கடைசி எழுத்து ஒலித்ததும் முழுச்சொல் ஒரே வீச்சில் புலப்படுகிறது. அப்படிப் புலப்படுவதைத்தான் ஸ்போடம் என்றார்கள். வாக்கியத்தின் பொருளும் இப்படியே, சொல் சொல்லாகக் கூட்டிப் பெறுவது இல்லை. அது பிரதிபை என்னும் மின்னல் போன்ற உள்ளுணர்வு என்பது வாக்கியபதீயம் இரண்டாம் காண்டத்தின் நிலைப்பாடு.

பேச்சில் வரும் பிழைகளையும் இந்தப் படிகளில் வைத்துப் பார்க்கலாம். இது நூலில் உள்ளதல்ல, பாடம் நடத்த உதவும் வழி. 'மழை' என்பதை 'மளை' என்று ஒலித்தால் நா அண்ணத்தைத் தொட்ட இடம் தவறியது, வைகரிப் பிழை. அடுத்து வரவேண்டிய சொல்லின் எழுத்து முந்திய சொல்லில் ஏறிக்கொண்டால் அது வரிசைப் பிழை, மத்திமையில் பிறந்தது. பின்சொல் ஏற்கெனவே உள்ளே வரிசையில் நிற்காவிட்டால் அதன் எழுத்து முன்னால் வந்து விழாது. சொல்ல வந்தது முழுதும் தெளிவாக இருந்தும் சொல் அகப்படவில்லை என்றால், பைசந்தி மத்திமையாக இறங்கும் இடத்தில் தடை. ஆனால் 'நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது' என்ற அந்தத் தவிப்பையே பைசந்தி என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்தத் தவிப்பில் 'என்னமோ க-வில் தொடங்கும்' என்று எழுத்தைத் தேடுகிறோம். தேடல் தொடங்கியதுமே மத்திமைக்கு வந்தாயிற்று.

---

ஆதீனத்திண்ணை எழுதியது:

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்று, நான்கு என்பது கொள்கை வேறுபாடுதான். மோட்சம் எது என்பது வரைக்கும் அது போகும்.

வாக்கியவாசி காட்டிய அதே மேற்கோள் சுலோகத்தின் அடுத்த பாதியைப் பாருங்கள்: 'ஸ்வரூபஜ்யோதிரேவாந்த: ஸூக்ஷ்மா வாகநபாயினீ'. உள்ளே தன்னொளியாய் நிற்பது, சூக்குமமான வாக்கு, அழிவற்றது. இலக்கணவாணர் இதைப் பைசந்திக்கே உரிய வருணனையாகப் படித்தார்கள். சைவ ஆசிரியர்கள் இங்கே கோடு கிழித்து, இது பைசந்திக்கும் மேற்பட்ட நான்காவது வாக்கு என்றார்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் முதற்சூத்திரத்தில் சூக்குமையைப் பாடும்போது 'உள்ளோர் சோதியாய் அழிவதின்றி' என்கிறார். வடமொழி அடியைச் சொல்லுக்குச் சொல் தமிழில் காணலாம். அதைக் கண்டவனுக்கு அதிகாரம் நீங்கும் என்று சுலோகம் தொடர்கிறது; சித்தியாரும் 'அதிகாரம்' என்ற அந்தச் சொல்லை விடாமல் எடுத்துக்கொள்கிறது. மாணவர்களிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்காட்டினால், நம் சாத்திரம் எந்த விவாதத்துக்குள் நின்று பேசுகிறது என்பது விளங்கும்.

அடுத்தது, வாக்கு எதிலிருந்து பிறக்கிறது. பர்த்ருஹரிக்குச் சப்த தத்துவமே பிரமம். நமக்கு அப்படியில்லை. சுத்தமாயை, விந்து, குடிலை, குண்டலி என்ற பெயர்களால் வழங்கும் சடப்பொருளின், அதாவது அறிவற்ற பொருளின், விருத்திகள்தாம் (விரிவுகள்தாம்) நான்கு வாக்கும். சிவனிடமிருந்தோ ஆன்மாவிடமிருந்தோ பிறப்பவை அல்ல. மயில் முட்டைக்குள் இருக்கும் நீரில் தோகையின் நிறமெல்லாம் பிரியாமல் அடங்கிக் கிடப்பதைப் போலப் பைசந்தியில் எழுத்துகள் அடங்கி நிற்கும் என்று உவமை சொல்லும்போதும், அந்த நீர் சடம் என்பதை மறக்கக் கூடாது.

சடம் என்றால் அதைக் கொண்டு அறிவு எப்படி நிகழும்? ஆன்மா அறியும் தன்மை உடையது. ஆனால் மலத்தால் மறைப்புண்டு கிடப்பதால் தானாக எதையும் இன்னது என்று பிரித்து அறியாது. கண் முன்னால் ஏதோ இருக்கிறது என்ற அளவில் நிற்பது நிருவிகற்பம். 'இது பசு, வெள்ளைப் பசு, நடக்கிறது' என்று பெயர், குணம், தொழில் முதலியவற்றோடு துணிவது சவிகற்பம். இந்தத் துணிவுக்கு வாக்கு கருவியாக வேண்டும். சூக்குமை ஆன்ம அறிவோடு மிகவும் ஒட்டி நின்று உதவுவதால் அதையே அறிவு என்றும், அதையே ஆன்மா என்றும் மயங்க இடமுண்டு. சொல்லே பிரமம் என்பவர்கள் நின்றுவிட்ட இடம் அதுதான் என்பது நம் ஆசிரியர்களின் மறுப்பு.

இந்த வாதத்துக்குப் பின்னணி காசுமீரத்திலிருந்து சிதம்பரம் வரை நீள்கிறது. காசுமீரச் சைவ சித்தாந்த ஆசிரியரான பட்ட ராமகண்டர் எழுதிய நாதகாரிகை, ஸ்போடம் என்று தனிப்பொருள் ஒன்று வேண்டியதில்லை என்று மறுக்கும் சிறு நூல். பொருளை உணர்த்துவது நாதமே. அது ஆன்மாதோறும் வேறு வேறானது. பலவாய், காரியமாய் இருப்பதால் சடம் என்பது அதன் போக்கு. 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்து அகோர சிவாசாரியார் அதற்கு உரை செய்தார். இவர்கள் வாதத்தை அறியாமல் சித்தியாரின் வாக்குப் பகுதியைப் படித்தால், அது வெறும் பட்டியல் போலத் தோன்றிவிடும்.

வகுப்பில் மறக்காமல் சொல்ல வேண்டியது சித்தியார் ஒன்பதாம் சூத்திரத்தில் இருக்கிறது. வேதம், சாத்திரம், மிருதி, புராணம், கலைஞானம், வைகரி முதலான திறங்கள், மேலே 'நாதமுடி வானவெல்லாம் பாச ஞானம்'. சூக்குமை வரைக்கும் ஏறினாலும் அது பாச ஞானந்தான், கட்டுக்குள் நின்று அறியும் அறிவுதான். அதைத் தன்னின் வேறாகக் கண்டவனுக்குப் பெரும்பயன் சொல்லப்பட்டிருந்தாலும் இறைவனை அறியும் பதிஞானம் அதற்கு அப்பால். 'மனம் அடங்கிப் பரா வாக்கைத் தொட்டால் முத்தி' என்ற வாக்கியம் இணையத்தில் நிறையக் கிடைக்கும். சித்தாந்த வகுப்பில் அது நுழையக் கூடாது.

---

ஸ்பந்தம் எழுதியது:

ஆதீனத்திண்ணை சொன்னதற்கு மறுபக்கமும் மாணவர்களுக்குத் தெரிவது நல்லது. காசுமீரத்து அத்வைத சைவமும் பர்த்ருஹரியை மறுத்துத்தான் நான்குக்கு வந்தது. ஆனால் எதிர்த்திசையில்.

சோமானந்தர் சிவதிருஷ்டியின் இரண்டாம் அத்தியாயம் முழுவதையும் இந்த மறுப்புக்கே ஒதுக்கினார். அவர் கேள்வி எளிது. பைசந்தி என்றால் 'காண்பவள்'. எதைக் காண்கிறாள்? காணப்படும் பொருள் ஒன்று எதிரே இருக்குமானால் அங்கே இரண்டு வந்துவிட்டது. அது உச்ச நிலை ஆகாது. ஆகவே காண்பதற்கும் முந்திய பரா வேண்டும். அவருடைய மாணாக்கர் உத்பலதேவர் அதை ஈசுவரப் பிரத்தியபிஞ்ஞா காரிகையில் ஒரே அடியில் வைத்தார்: 'சிதி: ப்ரத்யவமர்சாத்மா பராவாக் ஸ்வரஸோதிதா'. சித்து தன்னைத் தானே உணரும் இயல்புடையது. அந்த உணர்வே தானாய் எழும் பரா வாக்கு. அங்கே பரா சடமல்ல, சிவத்தின் சக்தி. சித்தாந்தத்தின் சூக்குமையையும் இவர்களின் பராவையும் ஒரே கட்டத்தில் எழுதுவது இந்த இடத்தில்தான் தவறாகிறது. இடம் ஒன்று, பொருள் வேறு.

எண்ணம் பற்றிக் கேட்டீர்கள். சொல்லே இல்லாமல் எண்ணம் உண்டா என்ற கேள்வி உங்கள் வகுப்பில் கட்டாயம் வரும். பர்த்ருஹரி சொன்னது, சொல் ஊடுருவாத அறிவு உலகில் இல்லை என்பது. அப்படியானால் பேச்சு வராத குழந்தைக்கு? அதற்கு முற்பிறவியிலிருந்து தொடரும் சப்த பாவனை (சொல்லின் பதிவு) உண்டு. அது இல்லாவிட்டால் முதன்முதலில் நாவை எப்படி வைப்பது, மூச்சை எப்படி மேலே தள்ளுவது, எந்த இடத்தில் தட்டுவது என்பது யாரும் சொல்லித்தராமல் எப்படி வரும் என்று திருப்பிக் கேட்கிறார். உத்பலதேவர் வேறொரு சான்று தருகிறார். ஒருவன் ஓடுகிறான். இந்தக் காலை எடு, அந்த இடத்தில் வை என்று அவன் உள்ளே சொல்லிக்கொள்வதில்லை. ஆனாலும் விட்ட இடத்தையும் தொடும் இடத்தையும் இணைக்கும் ஓர் உணர்வு இல்லாமல் ஓட முடியாது. ஆகவே நேர்க்காட்சியின் கணத்திலும் அந்த உணர்வு, அதாவது விமரிசம், சுருங்கிய வடிவில் இருக்கிறது. வேகமாகப் படிப்பவனுக்கும் இதே கதை. சொல்லாக விரியாத எண்ணம் உண்டு. சொல்லின் வித்தே இல்லாத அறிவு இல்லை.

எல்லோரும் கோட்டைவிடும் ஒரு பகுதி தந்திராலோகத்தின் மூன்றாம் ஆஹ்நிகத்தில் (அத்தியாயத்தில்) இருக்கிறது. அதை எழுதிய அபிநவகுப்தர் பைசந்தி, மத்திமை, வைகரி மூன்றையும் தனித்தனியே தூலம், சூக்குமம், பரம் என்று பிரிக்கிறார். ஒன்பது ஆகிறது, ஒன்பதுக்கும் ஆதாரம் பரா. தூல வைகரி, எழுத்து பிரிந்த பேச்சு. தூல மத்திமை, தோல் போர்த்த வாத்தியத்தின் ஒலி; அது தெளிந்தும் தெளியாமலும் நிற்பது. தூல பைசந்தி, எழுத்தில்லாமல் சுரமாய் இழையும் இசை. பாட வேண்டும், வாசிக்க வேண்டும், பேச வேண்டும் என்று எழும் விருப்பங்கள் அவற்றின் சூக்கும வடிவங்கள். காதுக்கு நன்றாகக் கேட்கும் இசையையே பைசந்தி என்று வைத்துவிட்டார் பாருங்கள். ஆலாபனையில் நாதம் இருக்கிறது, எழுத்துப் பிரிவு இல்லை. மிருதங்கத்தில் 'தா, தீ, தொம், நம்' என்று சொல்கட்டாகப் பாதி எழுத்து எட்டிப்பார்க்கிறது. சத்தத்தின் அளவு அளவுகோல் அல்ல என்று வாக்கியவாசி சொன்னதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டையும் ஒலிக்கச் செய்து காட்டியே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

---

தேடல்:

மிக்க நன்றி. கிரமம் என்ற அளவுகோல் கிடைத்ததும் பாதி முடிச்சு அவிழ்ந்துவிட்டது. செபம் பற்றி யாராவது விளக்குங்களேன். உரக்கச் சொல்வது வைகரி, உதடு அசைப்பது மத்திமை, மனதில் சொல்வது பைசந்தி என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தொல்காப்பியத்தில் இதற்கு இடமுண்டா என்றும் தெரிய வேண்டும்.

---

எழுத்தோசை எழுதியது:

அந்த இணைப்பு ஒரு படி தள்ளிப்போய்விட்டது. வாசகம், உபாஞ்சு, மானதம் மூன்றையும் இங்கே சொன்ன அளவுகோலால் அளந்து பாருங்கள், அம்மா.

வாசகம் அருகில் இருப்பவருக்குக் கேட்பது. உபாஞ்சு தனக்கு மட்டும் கேட்கும்படி நாவும் உதடும் அசைவது. இரண்டிலும் மூச்சு உண்டு, உறுப்புகளின் முயற்சி உண்டு, எழுத்து வாயில் பிறக்கிறது. ஆகவே இரண்டும் வைகரிதான். உபாஞ்சு மெலிந்த வைகரி. மானதத்தில் உறுப்பு அசைவதில்லை. ஆனால் ந, ம, சி, வா, ய என்ற வரிசை இருக்கிறது. ஆகவே அது மத்திமை. மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் விதிவேள்வியைவிடச் செபம் பத்து மடங்கு, உபாஞ்சு நூறு மடங்கு, மானதம் ஆயிரம் மடங்கு என்று உயர்த்திச் சொல்கிறது. அது பயனின் அளவு. அதை வைத்து மானதத்தைப் பைசந்திக்கு ஏற்ற முடியாது.

பைசந்தியில் எண்ணிச் செபிப்பது என்பதே நடக்காத காரியம். 108 என்று எண்ண வேண்டுமானால் ஒன்றுக்குப் பின் இரண்டு வர வேண்டும். ஒன்றுக்குப் பின் இரண்டு வந்தாலே கிரமம் வந்தாயிற்று. மணியை உருட்டிக்கொண்டே 'நான் பைசந்தியில் செபிக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் மத்திமையில் இருக்கிறார்.

பழக்கத்தில் பிழை வரும் இடங்களைச் சொல்கிறேன். மானதம் என்று தொடங்கிய செபம் பெரும்பாலும் உபாஞ்சுவாக நழுவிவிடும். நாவின் அடிப்பகுதியும் குரல்வளையும் உள்ளுக்குள் மெல்ல அசையும், பயில்பவருக்கே தெரியாது. சோதிக்க ஒரு வழி, மூச்சைக் கவனிப்பது. மூச்சை வெளியே விடும்போது மட்டும் மந்திரம் ஓடி, உள்ளே இழுக்கும்போது நின்று போனால், அது இன்னும் பிராணனில்தான் கட்டுண்டு கிடக்கிறது. இழுத்தாலும் விட்டாலும் ஒரே சீராக ஓடினால், 'பிராண விருத்தியைக் கடந்து' என்ற மத்திமை இலக்கணம் பொருந்துகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு இதைச் சோதிக்க வேண்டாம். அடக்குவதும் பிராணத் தொழில்தான், சோதனை பொய்த்துவிடும்.

இன்னொரு பிழை, வேகம். நமசிவாய என்பதில் வா மட்டும் நெடில், மற்ற நான்கும் குறில். ஆக 6 மாத்திரை. உரக்கச் சொல்லும்போது இந்த அளவு தானாக நிற்கும். மனதில் சொல்லும்போது முதலில் கரைவது வாவின் நெடில்தான். பிறகு சி, வா, ய மூன்றும் ஒன்றாய்க் குழைந்துவிடும். குழைந்து போன அந்த மங்கலைப் 'பிரிவற்ற நிலை வந்துவிட்டது' என்று எண்ணிவிடுகிறார்கள். பைசந்தியில் கிரமம் ஒடுங்குகிறது. இங்கே கிரமம் சிதைகிறது. ஒடுங்கியது வேண்டும்போது பிழையில்லாமல் விரியும். சிதைந்தது திரும்பச் சொல்லும்போதும் சிதைந்தே வரும். சந்தேகம் வந்தால் ஒரு சுற்று உபாஞ்சுவுக்கு இறங்கி மாத்திரையைச் சரிசெய்துகொண்டு மறுபடி மானதத்துக்கு ஏறுவது நல்லது.

இனி தொல்காப்பியம். எழுத்ததிகாரப் பிறப்பியல் 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்று தொடங்குகிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடம் எண்ணுகிறது. பாணினீய சிக்ஷையும் எட்டு இடந்தான் சொல்லும், ஆனால் இன்னும் ஒரு படி பின்னாலிருந்து தொடங்கும்: ஆன்மா புத்தியோடு கூடிப் பொருளைத் திரட்டி, சொல்ல வேண்டும் என்ற விருப்பத்தால் மனத்தை ஏவ, மனம் உடற்கனலைத் தட்ட, கனல் காற்றை உந்துகிறது. தொல்காப்பியர் இந்த உள்ளோட்டத்தை விட்டுவிட்டு நேரே உந்தியிலிருந்து எழும் காற்றுக்கு வந்துவிடுகிறார். ஏன் விட்டார் என்பதையும் அதே இயலின் கடைசி நூற்பாவில் அவரே சொல்கிறார்: 'அகத்தெழு வளியிசை அரில்தப நாடி அளபிற் கோடல் அந்தணர் மறைத்தே'. உள்ளே எழும் வளியிசையை அளந்து கொள்வது மறையின் வேலை. அதை இங்கே சொல்லாமல், 'எழுந்துபுறத் திசைக்கும் மெய்தெரி வளியிசை' மட்டும் சொன்னேன் என்கிறார்.

ஆகத் தொல்காப்பியத்தின் ஒலியியல் முழுவதும் வைகரியின் எல்லைக்குள் நிற்கிறது. அந்த எல்லையைத் தெரிந்தே வகுத்திருக்கிறார். ஆனால் அகத்தெழு வளியிசை என்பதை மத்திமை, பைசந்தி என்று பெயர்வைத்துப் பிரிக்கத் தொல்காப்பியத்தில் ஆதாரம் இல்லை. உள்ளே ஒரு வளியிசை உண்டு, அதற்கும் அளவு உண்டு என்பதுவரை சொல்லலாம். நன்னூலாரும் 'உள்வளி துரப்ப எழும் அணுத்திரள்' என்று புறப்படும் இடத்திலிருந்துதான் பிறப்பைத் தொடங்குகிறார்.

---

வாக்கியவாசி எழுதியது:

அட்டவணை பற்றி யாரும் சொல்லவில்லை. உறுப்பு இடங்கள் கட்டுக்கதை அல்ல. மூலச்சக்கரத்தில் பரா, நாபியில் பைசந்தி, இதயத்தில் மத்திமை, கண்டத்தில் (தொண்டையில்) வைகரி என்று ஒரு சுலோகம் இருக்கிறது. நாகேச பட்டர் பரமலகுமஞ்சூஷையில் காட்டுகிறார். ஆனால் அவர் பர்த்ருஹரிக்குச் சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் பிந்தியவர். மூன்றோடு நின்ற இலக்கண மரபு, அவர் காலத்துக்குள் தாந்திரிகத்தின் நான்கையும் சக்கர இடங்களையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. பர்த்ருஹரி பெயரின் கீழ் மூலாதாரத்தை எழுதினால் காலம் குழம்பும்.

நான்கும் ருக்வேதத்திலேயே இருக்கின்றன என்ற வரி உங்கள் குறிப்பில் இருந்தால் அதையும் திருத்துங்கள். முதல் மண்டலம் 164ஆம் சூக்தம் 45ஆம் மந்திரம் வாக்குக்கு நான்கு அடிகள் உண்டு, மூன்று குகையில் மறைந்துள்ளன, நான்காவதை மனிதர் பேசுகிறார்கள் என்கிறது. பெயர் எதுவும் இல்லை. பதஞ்சலி மகாபாஷ்யத்தின் தொடக்கத்தில் இதே மந்திரத்தை எடுத்து, நான்கு என்பவை பெயர், வினை, உபசர்க்கம் (முன்னொட்டு), நிபாதம் (இடைச்சொல்) என்று விளக்குகிறார். பரா முதலான நான்கை அதில் வைத்துப் படிப்பது பின்வந்த உரைமரபு. இன்னொன்று, அந்த மந்திரத்தில் 'துரீயம்' என்று எண்ணப்படுவது மனிதர் பேசும் வாக்கு, அதாவது வைகரி. உங்கள் அட்டவணையோ துரியத்தைப் பராவுக்கு நேரே வைக்கிறது. எண்ணும் திசை தலைகீழ்.

---

ஸ்பந்தம் எழுதியது:

அட்டவணையில் நனவு, கனவு, சுழுத்தி (ஆழ்ந்த உறக்கம்), துரியம் என்று வரும் அவத்தைப் பத்திக்குப் பதிலாகச் சக்திப் பத்தி ஒன்று போடலாம். யோகினீ ஹிருதயம் பரா, பைசந்தி, மத்திமை, வைகரிக்கு முறையே அம்பிகை, வாமை, சேட்டை, ரௌத்திரி என்ற சக்திகளைச் சொல்கிறது. பைசந்தி இச்சை, மத்திமை ஞானம், வைகரி கிரியை. எண்ணமும் பேச்சும் ஒன்றிலிருந்து ஒன்று இறங்கும் முறைக்கு இது கனவு, சுழுத்தியைவிட நன்றாகப் பொருந்தும். சுழுத்தியைப் பைசந்திக்கு நேரே எழுதினால், தூங்கினால் பைசந்தி வரும் என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். லலிதா சகஸ்ரநாமத்தில் 366 முதல் 371 வரையுள்ள ஆறு நாமங்களில் நான்கு வாக்கும் வரிசையாக வருகின்றன. காவிரிக்கரை பாஸ்கரராஜபுரத்தோடு பெயர் இணைந்த பாஸ்கரராயர் சௌபாக்கிய பாஸ்கரத்தில் அவற்றுக்கு எழுதிய உரையை ஸ்ரீவித்யைப் பத்திக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம்.

---

ஆதீனத்திண்ணை எழுதியது:

அதைச் சித்தாந்தப் பத்தியோடு கலக்காமல் தனியாகப் போடுங்கள். சித்தாந்த வகுப்புக்கு நான் வைக்கும் தலைப்புகள் நான்கு: கிரமம் உண்டா, பிராணன் உண்டா, கேட்பவர் யார், எதன் விருத்தி. வைகரிக்குக் கிரமமும் பிராணனும் உண்டு, தனக்கும் பிறருக்கும் கேட்கும். மத்திமைக்குக் கிரமம் உண்டு, பிராணன் இல்லை, தனக்கு மட்டும் புலப்படும். பைசந்திக்குக் கிரமம் ஒடுங்கியது, பிராணன் இல்லை. சூக்குமைக்கு இவை எதுவும் இல்லை, உள்ளொளி மட்டும். கடைசித் தலைப்பின் கீழ் நான்குக்கும் ஒரே விடை, சுத்தமாயை. அந்த விடையை நான்கு கட்டத்திலும் நான்கு முறை எழுதச் சொல்லுங்கள். ஆன்மா கடக்கும் வழிகளைச் சொல்லும் அத்துவாப் பாடத்தில் மந்திரம் 11, பதம் 81, வன்னம் 51 என்று வரும்போது, அவையெல்லாம் எங்கிருந்து விரிந்தன என்று மறுபடி கேட்க வேண்டிய தேவை இருக்காது.